வாஷிப் பாலத்தில் ஆடிய டப்பா

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. மாமா செய்து முடிக்கும் வண்டிகளின் கைப்பிடியை ஒரே கையால் தூக்கிக் காட்ட வேண்டும். சம்பளம் ஒரு வடா பாவ்.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அவருக்கு இரும்புப் பட்டறை இருந்தது. பாரம் இழுக்கும் கைவண்டி, டீ வண்டி, ஐஸ் வண்டி என்று இரண்டு சக்கரத்தில் ஓடும் எதையும் செய்வார். இவற்றுக்கெல்லாம் சூட்சுமம் ஒன்றுதான். சுமையைச் சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் முன்னால் கைப்பிடி லேசாகிவிடும். இழுக்கிறவன் பாரத்தைத் தூக்க வேண்டியதில்லை, இழுத்தால் போதும். வாங்க வருகிறவர்களுக்கு இதை வாயால் விளக்குவதில் மாமாவுக்கு நம்பிக்கை கிடையாது. வண்டியில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"ஏட்டி, இங்க வா. ஒத்தக் கையில தூக்கு."

நான் தூக்குவேன். வந்தவர் வாயைப் பிளப்பார். என்னமோ நான்தான் வண்டியைச் செய்தது மாதிரி எனக்கு ஒரு மிதப்பு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு இப்படி ஏதாவது ஒன்று வேண்டித்தான் இருந்தது.

அந்த வருஷம் மாமா கூட்டாளியிடமிருந்து பிரிந்து, பட்டறையைத் தனியாக நடத்த ஆரம்பித்திருந்தார். இரண்டு மாதத்தில் திரும்பி வந்து கூலிக்கு நிற்பான் என்று அந்தக் கூட்டாளி டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அந்த நேரத்தில்தான் கர்ஜத் பக்கம் பண்ணை வீடு வைத்திருந்த ஒருவர் பட்டறை தேடி வந்தார். விருந்தாளிகள் தங்குவதற்குக் காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகிற மாதிரி ஒரு அறை வேண்டுமாம். உள்ளே கட்டில், சின்ன அடுப்பங்கரை, பாத்ரூம் எல்லாம் இருக்க வேண்டுமாம். போனில் ஏதோ வெளிநாட்டுப் படங்களைக் காட்டினார். மாமா அப்படி ஒன்றை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. "பண்ணிரலாம் சேட்" என்றார். தெரியாது என்கிற வார்த்தை மட்டும் மாமாவுக்கு எந்தப் பாஷையிலும் தெரியாது.

இது சரியாகப் போய்ச் சேர்ந்தால் பட்டறை நிற்கும், ஏதாவது கோளாறானால் மாமா பழைய கூட்டாளியிடம் போய்த் தலை குனிய வேண்டியதுதான் என்று உம்மா தொழுகைப் பாயில் உட்கார்ந்துகொண்டே சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். வாப்பா சவுதியில் இருந்ததால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

பட்டறைக்குள் இடம் கொள்ளாமல், பின்னால் இருந்த காலி மனையில் அந்த அறை வளர்ந்தது. தகரமும் பிளைவுட்டும் சேர்ந்து வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொண்டு நின்றபோது சந்தே வந்து பார்த்தது. ரயில் பெட்டியைச் சொல்கிற மாதிரி எல்லோரும் அதை டப்பா என்றார்கள். முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதையொட்டிக் கட்டில், நடுவில் அடுப்பு மேடை, பின்கோடியில் பாத்ரூம். பாத்ரூமுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. நாங்கள் இருந்த வீட்டைவிட டப்பா கொஞ்சம்தான் சின்னது. ஆனால் எங்கள் வீட்டில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. குளிக்கிற இடத்துக்குக் கதவு.

எங்கள் வீடு ஒரே அறை. அதன் தலைக்கு மேல் ஒரு பலகைத் தட்டு. கீழே நானும் உம்மாவும் படுப்போம். ஏணி வைத்து ஏறிப்போய் மேலே மாமாவும் மாமியும் படுப்பார்கள். வாசல் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். அங்கே எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். சாத்தினால் யாருக்கு என்ன ஆயிற்று என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரியில்தான் குளியலும். உம்மா தன் பழைய சேலையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பாள், மாமி குளிப்பாள். மற்றதற்குச் சந்தின் கடைசியில் இருக்கும் பொதுக் கக்கூசுக்கு விடிவதற்குள் இருவரும் வாளியோடு போய் வரிசையில் நிற்பார்கள். எனக்கு இதிலெல்லாம் ஒரு குறையும் தெரியவில்லை. நான் பிறந்தது முதல் அப்படித்தான் இருந்தது. மாமி ஏர்வாடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், மற்றபடி வாய் திறக்க மாட்டாள். ஆகவே அவளுக்கும் ஒரு குறையும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

சாயங்காலங்களில் மாமாவுக்குச் சாயா கொண்டுபோகும்போது மாமி டப்பாவுக்குள் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவாள். ஒருநாள் பாத்ரூம் கதவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஓடும்போது கதவு அடித்துக்கொள்ளக் கூடாது என்று மாமா வெளியே மட்டும் கொண்டி வைத்திருந்தார்.

"உள்ள தாழ்ப்பா எங்கங்க?"

"உள்ள எதுக்குப் புள்ள? அதுக்குள்ள போய் யாரு அவங்களப் புடிச்சிட்டுப் போவப் போறா?"

மாமி டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் உள்ளே பளபளவென்று ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது. மாமா அப்படிப்பட்டவர். முதலில் கிண்டல் செய்வார், பிறகு செய்துவிடுவார்.

கர்ஜத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒப்படைப்பதாகப் பேச்சு. இழுத்துப்போக ஒரு சிநேகிதரின் பழைய சுமோ கிடைத்தது. முந்தின நாள் மாமி இரண்டாவது முறையாக வாயைத் திறந்தாள்.

"குடுத்துட்டா பொறவு நமக்கு ஏது? ஒரு தடவ நான் அதுல உக்காந்து வாரேனே."

ஓடுகிற டப்பாவுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்று சேட் சொல்லியிருந்தார். மாமாவே அதை என்னிடம் பலமுறை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் கல்யாணமாகி இத்தனை நாளில் மாமி தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான். மாமா தலையைச் சொறிந்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருடைய தாராள மனசால் வந்தது. தண்ணி இல்லாத பாத்ரூம் என்ன பாத்ரூம் என்று சொல்லி, காலையில் குழாயில் தண்ணீர் வந்தபோது பக்கத்து வீட்டார் முறையையும் கெஞ்சி வாங்கி, பைப்பைப் போட்டு டப்பாவின் தொட்டியை நிரப்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி இந்தியில் ஏசினாள். மாமா சிரித்துக்கொண்டே நின்றார். மதியத்துக்கு உம்மா ஆக்கிய பிரியாணிச் சட்டி, கேஸ் சிலிண்டர், வெல்டிங் சாமான் பெட்டி, உபரிச் சக்கரம், மீந்துபோன டைல்ஸ் என்று எல்லாவற்றையும் அவர் கைவண்டிச் சூட்சுமப்படியே பின்கோடியில் ஏற்றினார்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார். சுமோவில் மாட்டுகிற கொக்கி டப்பாவின் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு கையால் பிடித்ததும் அது தானாகவே எழுந்து வந்தது. எந்த வண்டியும் அதுவரை எனக்கு அவ்வளவு லேசாக வந்ததில்லை. மாமா கைதட்டினார்.

"பக்கா! பூ மாதிரி வரும் பாரு லாத்தா" என்று உம்மாவிடம் சொன்னார்.

மாமா ஓட்ட, உம்மா முன்னால் உட்கார்ந்தாள். சுமோவின் பின்கோடிப் பெஞ்சு எனக்கு. அங்கிருந்து பார்த்தால் பின்கண்ணாடி வழியாக டப்பாவின் ஜன்னலுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மாமி நேராகத் தெரிந்தாள். சயானிலும் செம்பூரிலும் நெரிசலில் ஊர்ந்து போனோம். டப்பா சமர்த்தாகப் பின்னால் வந்தது. மாமி எனக்குக் கை காட்டினாள், நானும் காட்டினேன். அவள் அவ்வளவு பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாத்ரூமுக்கு எப்போது போவாள் என்று எனக்கு ஒரே ஆவல். ஓடும்போது எழுந்திருக்கவே கூடாது, வாஷி தாண்டிச் சாயாவுக்கு நிறுத்தும்போது போய்க்கொள்ளலாம் என்று மாமா நிபந்தனை போட்டிருந்தார்.

மான்குர்த் தாண்டியதும் ரோடு விரிந்தது. மாமா வேகத்தைக் கூட்டினார். நேரம் ஆகியிருந்தது, சேட் மதியம் என்றால் மதியம்தான். பழைய கூட்டாளி இதைப் பார்க்க வேண்டும் என்று ஏதோ பேசிக்கொண்டே வந்தவர், வாஷிப் பாலத்தில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

மழை பிடிப்பதற்கு முந்தின வாரம் அது. கழிமுகத்தின் மேல் தடுக்க ஒன்றும் இல்லாததால் காற்று வலப்பக்கமிருந்து நேராக டப்பாவின் விலாவில் வந்து மோதிக்கொண்டிருந்தது. தாராவிச் சந்துகளில் காற்று என்று ஒன்று வருவதே கிடையாது. அதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மாமாவுக்கு எப்படித் தோன்றியிருக்கும்? டப்பா லேசாக வாலை அசைத்தது. அப்போது ஒரு பெரிய லாரி எங்களை முந்திக்கொண்டு வலப்பக்கமாக வந்தது. அது மறைத்த கொஞ்ச நேரம் காற்று சுத்தமாக நின்றது. லாரி கடந்துபோனதும் மொத்தக் காற்றும் ஒரே அடியாக அடித்தது.

டப்பாவின் பின்பகுதி இடப்பக்கம் போயிற்று. திரும்பி வலப்பக்கம் போயிற்று. ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட அதிகமாகப் போயிற்று. சுமோவின் பின்பாகத்தையும் அது பிடித்து ஆட்டியது. நான் பெஞ்சில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வழுக்கிக்கொண்டே, "மாமி ஊஞ்சல் ஆடுது, மாமி ஊஞ்சல் ஆடுது!" என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கை காட்டினேன். ஜன்னலில் மாமி இல்லை.

"பிரேக்கப் புடிலே! பிரேக்கப் புடி!" என்று உம்மா அலறினாள்.

மாமா பிரேக்கைப் பிடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் பிரேக்கைத் தொட்டிருந்தால் டப்பா சுமோவையும் இழுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர்மேல் போயிருக்கும், அதனால்தான் யோசித்துத் தொடாமல் விட்டேன் என்று அதற்குப் பிறகு அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். பயத்தில் செருப்பு கழன்று அவன் கால் பெடலைத் தேடிக்கொண்டிருந்தது, கண்ணும் மூடியிருந்தது என்பது உம்மாவின் சாட்சியம். எது உண்மையானாலும் வேகம் குறைந்தது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. பாலம் முடிவதற்குள் டப்பா ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நேராக வந்துகொண்டிருந்தது.

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தியதும் மாமா இறங்கி ஓடினார். கதவைத் திறந்தால் மாமி தரையில் உட்கார்ந்து கட்டில் காலைக் கட்டிப் பிடித்திருந்தாள். நெற்றியில் ஒரு புடைப்பு. மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. நாக்கு நிற்காத மனிதர் அப்படி நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

"டப்பாவுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று மாமி கேட்டாள்.

"டப்பா கெடக்கு சவம். ஒனக்கு என்னாச்சு?" என்றார் மாமா.

மாமாவின் இரண்டு கன்னத்திலும் மாறிமாறி அறையத் தோன்றியதாக உம்மா பின்னால் சொல்வாள். ஆனால் அப்போது தன் முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி மாமியின் நெற்றியில் ஒற்றடம் கொடுத்தாள். டப்பாவுக்குக் காயம் எதுவும் இல்லை. ஒரு திரைக்கம்பி மட்டும் விழுந்திருந்தது.

மாமா கொக்கி அருகே குத்துக்காலிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சக்கரங்களுக்குக் கல் வைத்து, கொக்கியைக் கழற்றி, என்னைக் கூப்பிட்டார்.

"தூக்கு."

ஒரு கையால் தூக்கினேன். கைதட்டுவார் என்று முகத்தைப் பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மனுசன் இழுக்குற வண்டிக்குத்தாம் லாத்தா மூக்கு லேசா இருக்கணும். இது மோட்டார் காடி இழுக்குறது. மூக்கு அமுங்கி உக்காந்தாத்தான் வாலு அடங்கும். நான் வாலுல போய் பாரத்தக் கட்டிட்டு..." என்று நிறுத்திக்கொண்டார்.

சிலிண்டர், சாமான் பெட்டி, சக்கரம், டைல்ஸ், பிரியாணிச் சட்டி எல்லாம் ஒவ்வொன்றாக முன்பக்கம் கட்டிலடிக்கு வந்தன. தண்ணீரை மட்டும் நகர்த்த முடியாது. மாமா தொட்டியையும் மாமியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தொறந்து வுடுங்க" என்றாள் மாமி.

அடியில் இருந்த மூடியைத் திருகியதும் தண்ணீர் ரோட்டோர மண்ணில் கொட்ட ஆரம்பித்தது. அவ்வளவு தண்ணீர் சும்மா கீழே போவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஒரு நாய் வந்து நக்கியது. உம்மாவால் தாங்க முடியவில்லை. சுமோவிலிருந்து காலிப் பாட்டில்களைப் பொறுக்கிவந்து குனிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். மாமி டப்பாவில் ஏறினாள். பாத்ரூமுக்குள் போகும் சத்தமும், பித்தளைத் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"மாமி, ஜல்தி! தண்ணி பூராப் போவுது!"

உள்ளே சத்தம் இல்லை. குழாயைத் திறக்கிற சத்தம்கூட இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

"வாரேன். கொஞ்சம் இரு" என்றாள், அவசரமே இல்லாமல்.

தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஆகி நின்றுபோனது. மாமி வரவில்லை. இதற்குள் மாமா மறுபடி கொக்கியைத் தூக்கச் சொன்னார். ஒரு கையால் முயன்றேன். இரண்டு கையால் முயன்றேன். அது அசையவில்லை. மாமாவின் முகம் மலர்ந்தது. "முடியலயா? சுத்தமா முடியலயா?" என்று கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். உலகத்தில் என்னால் முடிந்த ஒரே காரியமும் போய்விட்டது, அதற்கு மாமா சிரிக்கிறார் என்று நான் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

மாமி இறங்கி வந்தபோது முகத்தில் ஈரம் இல்லை. தலைமுடியை அவிழ்த்துத் திருப்பி முடிந்திருந்தாள், அவ்வளவுதான். பாத்ரூம் கதவுக்கு வெளிக்கொண்டியைத் தானே போட்டுவிட்டு வந்து, சுமோவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

காற்று கொஞ்சம் தணியும்வரை அங்கேயே காத்திருந்து பிரியாணியைச் சாப்பிட்டோம். பிறகு மாமா சைக்கிளெல்லாம் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார். கர்ஜத் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சேட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் சுவரைத் தட்டிப் பார்த்து, கட்டிலில் உட்கார்ந்து பார்த்து, பாத்ரூம் தாழ்ப்பாளை இரண்டுமுறை போட்டு எடுத்துப் பார்த்து, நல்லா இருக்கு என்றார். பட்டறை நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. கொக்கியைச் சோதிக்கத் தராசு வாங்கிவிட்டதால் எனக்குத்தான் வேலை போயிற்று.

திரும்பி வரும்போது அதே பாலத்தில் மாமா மெதுவாகக் கேட்டார்.

"ரொம்பப் பயந்துட்டியா புள்ள?"

"பயந்தேன். பொறவு நல்லாருந்துச்சு" என்றாள் மாமி.

மறுநாள் சந்து முழுக்க நான்தான் கதை சொன்னேன். பாலத்தில் டப்பா ஆடியதைவிட, தண்ணீரே இல்லாத பாத்ரூமுக்குள் மாமி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் இருந்ததுதான் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. வயிற்றுக்கு என்ன என்று சில பெண்கள் மாமியிடமே விசாரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். உம்மா மட்டும் என் தொடையில் நன்றாகக் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லையே.

இப்போது எனக்கு விக்ரோலியில் வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவுகள் இருக்கின்றன. மாமிக்கு அன்று தண்ணீர் தேவைப்படவே இல்லை. கல்யாணமாகி வந்த பிறகு அவள் உள்ளேயிருந்து தாழிட்ட முதல் கதவு அது. தண்ணீர் வீணாகிறதே என்ற கவலையில் நான் அதையும் தட்டிக்கொண்டே இருந்தேன்.